காலுக்குத் திறக்காத கேட்

பழனி மலையின் காடுகளுக்கும் ஏரிகளுக்கும் பாதைகளுக்கும் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு,

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை காலை ஏழேகால் மணிக்கு, காட்டுக்குள் இருக்கும் ஏரி ஒன்றுக்குப் போகும் சாலையின் சோதனைச் சாவடியில் எட்டுப் பேர் நின்றோம். மேல்மலை கிராமத்துப் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கும் பிள்ளைகள் ஆறு பேர், அவர்களுடைய ஆசிரியை, நான். புல்மேல் உறைபனி வெளுத்துக் கிடந்தது. மூன்று வாரத்துக்கு முன்பே எழுத்தில் அனுமதி கேட்டிருந்தோம். பதில் இல்லை. சரி, நேரில் கேட்டுப் பார்ப்போம் என்று கிளம்பிவிட்டோம்.

"நடந்து போக அனுமதி இல்ல. வண்டி இருந்தா பதிஞ்சிட்டு வாங்க" என்றார் கேட்டில் இருந்தவர்.

ஏன் என்று கேட்டேன். காட்டெருமை இருக்கிறது, பொறுப்பு யார் ஏற்பது என்றார். கடிதத்தின் நகலைக் காட்டினேன். மேலே கேட்கிறேன் என்று போன் போட்டார், மேலே யாரும் எடுக்கவில்லை. நாற்பது நிமிடம் ஓரமாக நின்றோம். அந்த நேரத்துக்குள் 31 வண்டிகள் உள்ளே போயின. இந்தக் கணக்கு என்னுடையதில்லை. பறவைப் பெயர் எழுதுவதற்காக ஒரு பையன் கொண்டுவந்திருந்த நோட்டில் வண்டிகளை எழுதிக்கொண்டிருந்தான். வெள்ளைக் கார் 14, மற்ற கலர் கார் 11, வேன் 4, ஜீப் 2. ஒரு ஜீப்பின் பின்னால் பாட்டுப்பெட்டி அலறிக்கொண்டு போனதையும் பக்கத்தில் குறித்திருந்தான்.

திரும்பி நடக்கும்போது அவன்தான் கேட்டான். "சார், நாமளும் ஒரு கார் வாடகைக்கு எடுத்தா விட்டிருப்பாங்களா?"

விட்டிருப்பார்கள். அதனால்தான் இந்த மடல்.

அது எந்தச் சாவடி, அங்கே இருந்தவர் யார் என்று நான் எழுதப்போவதில்லை. குறைந்த சம்பளத்தில் பனியில் நிற்கிற மனிதர் அவர். மேலே இருந்து வந்த உத்தரவைச் சொன்னார், அவ்வளவுதான். என் கேள்வி உத்தரவு போடுகிறவர்களுக்கு. டீசல் புகையோடு ஏரிக்கரை வரை போகலாம், இரண்டு கால்களால் போகக் கூடாது என்பது எந்தக் கணக்கு?

காட்டெருமை என்று சொல்லாதீர்கள். கொடைக்கானலில் இருக்கிறவர்களிடம் அது எடுபடாது. மூஞ்சிக்கல் கடைவீதியில் இரவு ஒன்பது மணிக்கு டீக்கடை வாசலில் காட்டெருமை நிற்கிறது. ஏரிச்சாலையில் நிற்கிறது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வழியில் நிற்கிறது. கிட்டே போகாதே, கல் எறியாதே, அது நகர்கிற வரைக்கும் நீ நில் என்று நாங்கள் நடை பழகும்போதே படித்துவிடுகிறோம். காட்டெருமைக்குப் பத்தடி தூரத்தில் நின்று செல்ஃபி எடுக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் அநேகம் பேர் காரை நிறுத்தி இறங்கியவர்கள்.

இருபத்திரண்டு வருடமாக இந்த மலையில் ஆட்களை நடக்கக் கூட்டிப்போகிறேன். என் அப்பா கோடைதோறும் தற்காலிகத் தீக்காவலராக வேலை பார்த்தவர். தை மாதம் முடிகிற சமயத்தில் தீத்தடுப்புக் கோடு வெட்டப் போவார். காய்ந்த புல்லைச் சரிவில் பட்டையாகச் செதுக்கி, காற்றில்லாத நேரம் பார்த்து எரித்து, வெறும் மண்ணாக விட்டுவிடுவார்கள். தீ வந்தால் அந்த மண்ணோடு நின்றுவிட வேண்டும். கையில் பச்சைக் கொப்பைத் தவிர வேறு ஆயுதம் இருக்காது. கொப்பை ஓங்கி அடிக்கக் கூடாது, தீயின் மேல் வைத்து அமுக்கி இழுக்க வேண்டும். ஓங்கினால் பொறி பறந்து பின்னால் பிடித்துக்கொள்ளும். அவர் எனக்குச் சொன்னது, "நெருப்பு மேல ஏறும், நீ மேல ஓடாத. பக்கவாட்டுல ஒதுங்கு. எரிஞ்சு முடிஞ்ச கரி இருந்தா அதுமேல போய் நில்லு."

குரங்கணியை நான் மறக்கவில்லை. 2018 மார்ச் 11. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்தும் வந்திருந்த இரண்டு மலையேற்றக் குழுக்கள் போடிமலைச் சரிவில் தீயில் மாட்டிக்கொண்டன. சம்பவ இடத்திலும் பிறகு மருத்துவமனைகளிலுமாக 23 பேர் இறந்துபோனார்கள். அன்று இரவு எங்கள் வீட்டில் யாரும் தூங்கவில்லை. அப்பா டிவி முன்னால் உட்கார்ந்து, "அந்தப் புல்லுல மார்ச் மாசம் ஆள இறக்கலாமா" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தக் கேள்விதான் சரியான கேள்வி. மார்ச் மாதம், மனித உயரத்துக்குக் காய்ந்த புல், செங்குத்துச் சரிவு, ஊர் பழக்கமில்லாத ஆட்கள். இந்த நான்கும் ஒன்றாகச் சேர விடக் கூடாது. அதே வருடம் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. பாதைகளைத் தரம் பிரித்தார்கள், நடத்துகிறவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்றார்கள், தீக்காலத்தில் தடை என்றார்கள். எல்லாவற்றையும் நான் வரவேற்றேன், இன்றும் வரவேற்கிறேன். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை எனக்கு வருமானம் கிடையாது. அதற்காக ஒரு வார்த்தை முணுமுணுத்ததில்லை. ஆனால் தீக்காலம் பற்றிய விதி மெல்ல மெல்ல வருடம் முழுக்க நீண்டு, கடைசியில் நடக்கிறவன்மேலேயே சந்தேகமாக மாறிவிட்டது. உறைபனி விழுந்த ஜனவரிக் காலையில், ஈரம் சொட்டுகிற சோலையின் ஓரத்தில், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்த விதியைக் காட்டுகிறீர்கள்.

2024 அக்டோபரில் அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' என்று தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள், இணையத்தில் முன்பதிவு, உள்ளூர் வழிகாட்டிகள். நல்ல காரியம். பழங்குடி இளைஞர்கள் சீருடை போட்டுக்கொண்டு ஆட்களை முன்னால் நடத்திப்போவதைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. குரங்கணியிலிருந்தே ஒரு பாதை அதில் இருக்கிறது, அதையும் நான் சரி என்றே நினைக்கிறேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்தக் கட்டணம் நகரத்திலிருந்து வருகிறவரின் கணக்குக்குப் போட்டது. பூண்டு வயலில் கூலிக்குப் போகிற அம்மாவின் பிள்ளைக்கு அது எட்டாது. அந்தப் பிள்ளைக்குத் தன் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற காட்டுக்குள் நடக்க வேறு வழி இருக்க வேண்டுமா, வேண்டாமா? அப்புறம், நாற்பது பாதைகள் என்று அறிவித்ததும் பட்டியலில் இல்லாத பாதைகள் எல்லாம் இல்லவே இல்லை என்று ஆகிவிட்டது. எங்கள் தாத்தா பாட்டி சந்தைக்கும் கோயிலுக்கும் பெண் எடுத்த ஊருக்கும் போன பாதைகள் அவை.

வண்டிகளைப் பற்றி நீங்கள் கவலைப்படவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். உயர் நீதிமன்றம் சொல்லி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று உச்சவரம்பும் வந்தது. சரி, ஒரு வண்டிக்கு நாலு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6,000 வண்டிக்கு 24,000 பேர். 2011 கணக்கெடுப்பில் இந்த ஊரின் மக்கள்தொகையே 36 ஆயிரத்துச் சொச்சம்தான். இதுதான் குறைத்த அளவு. வெள்ளி நீர்வீழ்ச்சியிலிருந்து மூஞ்சிக்கல் வரை ஊர்ந்து வந்து, ஏழு ரோட்டில் ஒரு மணி நேரம் நின்று, தூண் பாறையில் மேகத்தைப் பார்த்துவிட்டு, பைன் காட்டில் போட்டோ எடுத்து, மக்காச்சோளம் தின்று, திரும்பவும் அதே நெரிசலில் இறங்கிப் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. நாம் அவர்களுக்குக் காட்டுவது அவ்வளவுதான். பார்க்கிங் இருக்கிற இடத்துக்கு 'பாயின்ட்' என்று பேர் வைத்திருக்கிறோம்.

இந்த ஊரில் வருகிறவர்கள் இறங்கி நிதானமாக நேரம் செலவிடுகிற இடங்களில் ஒன்று கோக்கர்ஸ் வாக். 1872-இல் மலை விளிம்பில் போட்ட, ஒரு கிலோமீட்டர்கூட முழுசாக இல்லாத நடைபாதை. வண்டி போக முடியாது. வெயில் வந்தால் கீழே பெரியகுளம் வரைக்கும் தெரியும், மேகம் வந்தால் முன்னால் நடக்கிறவர் முதுகு தெரியாது. நூற்றைம்பது வருடத்துக்குப் பிறகும் டிக்கெட் வாங்கிக்கொண்டு அதில் நடக்கிறார்கள். அதற்குப் பிறகு ஆட்கள் நடப்பதற்கென்று இந்த மலையில் நாம் போட்ட பாதை எது? யோசித்துப் பார்த்தேன், எனக்கு எதுவும் ஞாபகம் வரவில்லை.

காட் ரோடு என்கிற மலைச்சாலை வருவதற்கு முன்னால் இந்த ஊருக்கு எல்லோரும் காலால்தான் வந்தார்கள். ரயிலில் அம்மையநாயக்கனூர், மாட்டுவண்டியில் பெரியகுளத்துக்குப் பக்கத்து அடிவாரத் தோப்பு, அங்கிருந்து மலையேற்றம், மேலே செண்பகனூர். துரைமார் டோலியில் வந்தார்கள், டோலியைத் தூக்கியவர்கள் நடந்தார்கள். அந்தப் பழைய வழியில் இன்னும் வெள்ளகவி என்கிற ஊர் இருக்கிறது. ஊருக்குள் செருப்புப் போட மாட்டார்கள். அரிசி மூட்டை குதிரைமேல் வந்த ஊர். காட்டுப்பாதை என்றால் சாகசம், ஆபத்து, பொழுதுபோக்கு என்று நீங்கள் நினைக்கும்போது, எங்களுக்கு அது தெரு என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நடந்தால் என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். போன வருடம் இதே பள்ளிப் பிள்ளைகளை வேறொரு பக்கம், அனுமதி கிடைத்த ஒரு சிறு சோலைக்குக் கூட்டிப்போனேன். புல்வெளியில் இருந்து சோலைக்குள் கால் வைத்த உடனே குளிர் மாறியது. பேச்சை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, அவர்களாகவே நிறுத்தினார்கள். ஒரு மரத்தின் அடியில் பாசி மெத்தை மாதிரி படர்ந்திருந்தது. அதில் கையை வைத்து அமுக்கு என்றேன். ஒரு பெண் அமுக்கினாள். விரல்களுக்கு நடுவில் தண்ணீர் ஊறி வந்தது. கையை எடுத்தால் உள்ளே போய்விட்டது. திரும்ப அமுக்கினாள், திரும்ப வந்தது. பத்து நிமிடம் எல்லோரும் மாறி மாறி அதையே செய்துகொண்டிருந்தார்கள். மழை நின்று பதினேழு நாள் ஆகியிருந்தது. கீழே வயலுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாடப்புத்தகம் சொல்வதை அவர்கள் அன்றைக்குக் கையால் பிழிந்து பார்த்தார்கள். சீகாரப் பூங்குருவி எங்கேயோ விசில் அடித்தது. ஒருவன் காலில் அட்டை ஏறி, உப்புத் தேய்த்து எடுத்தோம். அவன் ஒரு வாரம் பள்ளியில் அந்தத் தழும்பைக் காட்டிக்கொண்டிருந்தானாம்.

வெளியே வரும்போது அந்தப் பெண்தான் சோலை விளிம்பில் இடுப்பளவு வளர்ந்த வாட்டில் என்கிற அயல்மரக் கன்றுகளைக் காட்டி, "இது போன தடவை வந்தப்ப இல்லையே" என்றாள். அவள் அதற்கு முன் ஒரு தடவைதான் வந்திருந்தாள், இரண்டு வருடத்துக்கு முன்னால். காரில் போயிருந்தால் அதைக் கண்டிருக்க மாட்டாள்.

மூடிய பாதை காப்பாற்றப்பட்ட பாதை என்று ஒரு நம்பிக்கை உங்களிடம் இருக்கிறது. என் அனுபவம் வேறு. ஆள் நடக்காத பாதையை இரண்டு மழையில் வாட்டிலும் உண்ணிச்செடியும் மூடிவிடுகின்றன. அதன் பிறகு அங்கே என்ன நடக்கிறது என்று உங்கள் வேட்டைத்தடுப்புக் காவலர்கள் இரண்டு மூன்று பேர் பார்த்தால்தான் உண்டு, அவர்களுக்கோ பரப்பளவு கை மீறியது. சில வருடங்களுக்கு முன் நாங்கள் நடந்த ஒரு வழியில் சுருக்குக் கம்பி கட்டியிருந்ததைப் பார்த்துத் தகவல் சொன்னோம். இன்னொரு தடவை சரிவின் கீழே புகை தெரிந்து சொன்னோம். இரண்டு தடவையும் உங்கள் ஆட்கள் வேகமாக வந்தார்கள், நன்றாக வேலை பார்த்தார்கள். பார்க்கவே ஆள் இல்லையென்றால் சொல்வது யார்? சுருக்கு வைக்கிறவன் உங்கள் கேட் வழியாக வருவதில்லை.

எங்கள் பக்கம் தப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. 2012-இல் நானே 35 பேரை ஒரே வரிசையில் கூட்டிப்போனேன். காசு வந்தது, போனேன். முன்னால் போகிறவர்களுக்கும் பின்னால் வருகிறவர்களுக்கும் நடுவில் முக்கால் கிலோமீட்டர் இடைவெளி விழுந்தது. மேகம் இறங்கி, ஒரு பெண் தனியாக வேறு பாதையில் போய்விட்டார். இரண்டு மணி நேரம் தேடினோம். கிடைத்துவிட்டார், ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தை இன்றைக்கும் என்னால் நினைக்க முடியவில்லை. அன்றோடு பன்னிரண்டு பேருக்குமேல் கூட்டிப்போவதில்லை என்று வைத்துக்கொண்டேன். வாட்ஸ்அப்பில் ஆள் சேர்த்து, டென்ட் அடித்து, நெருப்பு மூட்டி, பாட்டுப் போட்டு, விடிந்ததும் பாட்டில்களை விட்டுவிட்டுப் போகிற கூட்டம் இருக்கிறது. அவர்கள்மேல் கடுமையாக இருங்கள். வேண்டுமானால் என்னைக் கூப்பிடுங்கள், எங்கே எங்கே என்று காட்டுகிறேன். ஆனால் அவர்களில் முக்கால்வாசிப் பேர் ஜீப்பில்தான் போகிறார்கள் என்பதையும் பாருங்கள்.

இனி நான் கேட்பவை.

காட்டுக்குள் எந்தச் சாலையில் சுற்றுலா வண்டிகளுக்கு அனுமதி உண்டோ, அந்தச் சாலையில் பதிவுபெற்ற உள்ளூர் வழிகாட்டியோடு போகிற சிறு குழுக்களுக்கு நடக்கவும் அனுமதி தாருங்கள். பன்னிரண்டு பேர் உச்சம், பிற்பகல் மூன்று மணிக்குள் வெளியே வந்துவிட வேண்டும், ஒவ்வொருவர் பெயரும் கேட்டில் எழுதப்பட வேண்டும், குப்பையை எண்ணித் திரும்பக் கொண்டுவர வேண்டும். இன்னும் நிபந்தனை வேண்டுமா, போடுங்கள். யானை நடமாட்டம் இருக்கிற நாளில் மூடுங்கள், அன்றைக்கு வண்டிக்கும் சேர்த்து மூடுங்கள். மாதத்தில் ஒரு நாளாவது வண்டி இல்லாமல், கால்களுக்கு மட்டும் அந்தச் சாலைகளைத் திறங்கள்.

தீக்காலத் தடை அப்படியே இருக்கட்டும். அந்த இரண்டு மாதமும் எங்களைப் போன்ற வழிகாட்டிகளைத் தினக்கூலிக்குத் தீக்காவலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். கோடு வெட்டத் தெரிந்தவர்கள், காற்றுப் பார்க்கத் தெரிந்தவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். ரொம்ப வருடத்துக்கு இருக்க மாட்டார்கள். வழிகாட்டிப் பயிற்சியில் மேல்மலை, கீழ்மலை கிராமத்து இளைஞர்களுக்கும் பளியர், புலையர் குடியிருப்புகளுக்கும் முதல் இடம் கொடுங்கள். பயிற்சி சான்றிதழோடு நின்றுவிடாமல் முதலுதவியும் தீயிலிருந்து தப்பிக்கிற முறையும் சரிவிலேயே சொல்லிக்கொடுக்கப்பட வேண்டும்.

மலை கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டணம் வேண்டாம்.

ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டிலுக்கு இருபது ரூபாய் பசுமை வரி வாங்குகிறோம். சாவடிகளில் நுழைவுக் கட்டணம் வாங்குகிறோம். வருடத்துக்கு எவ்வளவு வந்தது, அதில் ஒரு நடைபாதையைச் சீர்செய்ய எவ்வளவு போனது என்று ஊர் பார்க்கிற இடத்தில் எழுதி ஒட்டுங்கள். எதுவும் போகவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். பழைய காட்டுப்பாதைகள் எவை, எது திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது, ஏன் மூடியிருக்கிறது என்று ஒரு பட்டியலைத் தமிழில் வெளியிடுங்கள்.

2018-இல் இந்த மலையில் குறிஞ்சி பூத்தது. அடுத்து 2030. அந்த வருடம் ஆகஸ்ட், செப்டம்பரில் இந்தச் சாலைகளில் என்ன கூட்டம் வரும் என்று உங்களுக்கே தெரியும். வண்டிகளைப் புல்வெளி ஓரம் வரை விடப்போகிறீர்களா, தூரத்திலேயே நிறுத்திவிட்டு ஆட்களை நடத்திக் கூட்டிப்போகப் போகிறீர்களா என்பதை 2030 ஜூலையில் அவசரக் கூட்டம் போட்டு முடிவு செய்ய முடியாது. இந்த வருடமே ஒரு குழு அமையுங்கள். அதில் கிராமத்து ஆட்களையும் நடக்கிறவர்களையும் உட்கார வையுங்கள்.

கடைசியாக, எழுத்தில் அனுமதி கேட்டால் பதினைந்து நாளுக்குள் எழுத்தில் பதில் தாருங்கள். இல்லை என்றாலும் சரி, காரணத்தோடு இல்லை என்று சொல்லுங்கள்.

எங்கள் டிசம்பர்க் கடிதத்தை இந்த மடலோடு திரும்பவும் இணைத்திருக்கிறேன். தேதியை மட்டும் மாற்றியிருக்கிறோம். தீக்காலம் முடிந்து, முதல் கோடைமழை விழுந்த பிறகு வரும் சனிக்கிழமை. ஆறு பிள்ளைகள், ஆசிரியை ஒருவர், வழிகாட்டி ஒருவர். போக ஏழு கிலோமீட்டர், வர ஏழு. காலை ஏழு மணிக்குக் கேட்டில் இருப்போம். அதற்கு முன் பதில் அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
மேல்மலையில் ஆட்களை நடக்கக் கூட்டிப்போகிற ஒருவன்